க்ளைமேட் சாரும் காய்ந்த வாய்க்காலும்

நகராட்சிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்த அபாயச் சங்கு திடீரென்று அலறியபோது, க்ளைமேட் சார் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். கை உதறியதில் முட்டை மேஜை மேல் உருண்டு, 'வெள்ள முன்னெச்சரிக்கைத் திட்டம்' என்று எழுதியிருந்த கோப்பின் மேல் போய் நின்றது.

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. தெருவில் தார் இளகி, யாருடைய செருப்போ அதில் ஒட்டிக்கொண்டு தனியாக நின்றது. அந்த ஊரில் மழையைப் பற்றி, காலமாகிவிட்ட சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல மரியாதையாகப் பேச ஆரம்பித்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஆனால் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் உண்டு. அதன் கரையில் ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தில் டீ டம்ளர் அளவுக்கு ஒரு கிண்ணம், மழைத்துளி விழாமல் இருக்க அதற்கு மேலே குடைபோல ஒரு தகடு. வாய்க்கால் பெருகிக் கிண்ணத்துக்குள் தண்ணீர் வந்தால் மாடியில் சங்கு ஊதும். கிண்ணம் காயும்வரை ஊதும். மாட்டிவிட்டுப் போன கம்பெனிக்காரர், "எந்த அதிகாரி நினைச்சாலும் நடுவுல நிறுத்த முடியாது சார், அதுதான் இதோட விசேஷமே" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். கரண்ட் போனாலும் ஊதும். சூரிய சக்தி.

சூரிய சக்திக்கு அந்த ஊரில் குறைவே இல்லை.

க்ளைமேட் சார் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். சங்கு ஊதினால் முதல் வேலை, கவுன்சில் கூட்ட ஹாலைத் திறப்பது. அந்தப் பகுதியில் உயரமான இடம் அது ஒன்றுதான். இரண்டாவது வேலை, ஜெனரேட்டரை ஓட்டி ஏசியைப் போடுவது. ஹாலின் ஜன்னல்கள் திறக்காதவை. நூறு பேரை உள்ளே விட்டு ஏசி போடவில்லை என்றால் வெள்ளத்தில் தப்பித்தவர்கள் மூச்சுமுட்டிப் போய்விடுவார்கள். மூன்றாவது, சங்கு நின்ற பிறகும் முழுசாக ஒரு மணி நேரம் யாரையும் கீழே விடக் கூடாது. இந்த விதிகள் எல்லாவற்றையும் அவரே உட்கார்ந்து எழுதியிருந்தார்.

ஹால் வாசலில் அவருக்கு முன்னாலேயே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பின்தெருவில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர். கக்கத்தில் ஒரு கம்பளிப் போர்வை. பேன்ட்டின் வலது கால் கணுக்காலுக்கு மேலே கிழிந்து தொங்கியது.

"என்னப்பா, அதுக்குள்ள வந்துட்டே?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, சங்கு சத்தம் கேட்டா கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடி வான்னு. போட்டுட்டேன்."

"பேன்ட் கிழிஞ்சிருக்கே."

"ஓடி வந்தேன்ல சார்."

க்ளைமேட் சாருக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று. இப்படி ஒரு ஆளுக்காகத்தான் அவர் இத்தனை மாதம் தொண்டை கிழியக் கத்தியிருந்தார்.

அவர் முன்பு இருந்தது நாய் பிடிக்கும் பிரிவில். அப்போது அவரை ஊரே 'நாய் சார்' என்று கூப்பிட்டது. கடிபட்ட இடங்களைக் காட்டச் சொல்லி மச்சான் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சிரிப்பான். மாமியார் வீட்டு விசேஷங்களில் அவர் பெயரே 'நாய் மாப்பிள்ளை' என்றாகிவிட்டது. பிறகு ஒருநாள் மேலிடத்திலிருந்து, ஒவ்வொரு நகராட்சியும் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஒரு பிரிவு தொடங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. புரியாத வேலைகளைத் தருவதற்கென்று ஆணையர் ஒருவரை வைத்திருந்தார். அப்படித்தான் நாய் சார், க்ளைமேட் சார் ஆனார். மச்சானும் வாயை மூடினான்.

பொறுப்பேற்றதும் ஊர் மக்களுக்கு அந்த ஏசி ஹாலிலேயே வெள்ளப் பயிற்சி நடத்தினார். அரை நாள் பயிற்சி முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். தனக்குள் இப்படி ஒரு பேச்சாளர் ஒளிந்திருந்தது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. கேள்வி நேரத்தில் தையல்கார அக்கா ஒருத்தி மட்டும், வெள்ளம் கிடக்கட்டும், இந்த வெயிலுக்கு என்ன வழி என்று கேட்டாள். வந்திருப்பது வெள்ளத் திட்டம், வெயில் அடுத்த கட்டத்தில் வரும் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

ஹாலைத் திறந்து ஏசியைப் போட்டபோது செல்போன் அடித்தது. ஆணையர்.

"என்னய்யா சத்தம் அது?"

"சங்கு சார். வெள்ளம் வருதுன்னு சொல்லுது."

மறுமுனையில் ஜன்னல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆணையரும் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அவர் மிகவும் அமைதியாகப் பேசினார். தலைநகரத்திலிருந்து மதிப்பீட்டு அதிகாரி இன்று பிற்பகல் வருகிறார். இந்தப் பிரிவு இருக்கலாமா, இழுத்து மூடலாமா என்று அந்த அம்மாள்தான் எழுதப்போகிறார். வெயில் கொளுத்தும்போது வெள்ளச் சங்கு ஊதுகிற ஊரைப் பார்த்தால் என்ன எழுதுவார் என்று யோசித்துக்கொள்ளச் சொன்னார்.

"அவங்க வர்றதுக்குள்ள அதை நிறுத்து. இல்லேன்னா நாளைக்குக் காலையில பழைய செக்‌ஷன்ல போய் வலையை எடுத்துக்கோ."

வலை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் க்ளைமேட் சாருக்குப் பழைய கடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வலித்தன. அவர் வாய்க்காலுக்கு ஓடினார்.

வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓணான் ஒன்று நடுவில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள அங்கே இருந்தது அவர் முகத்து வியர்வை மட்டும்தான். ஆனால் கம்பத்துக் கிண்ணம் நிறைய ஈரம். கம்பத்தடியில், தகட்டின் நிழலில், ஒற்றைக் காது இல்லாத ஒரு செம்பட்டை நாய்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய பழக்கம். அவருடைய இடது தொடைத் தழும்புக்கு உரிமையாளர் இந்த நாய்தான். அவர் உத்தியோகத்தில் பிடிபடாமலே போன ஒரே நாயும் இதுதான்.

நனைந்த கிண்ணத்தையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். நாய்கள் கம்பத்தைக் கண்டால் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாததா? அவர் துப்பறிந்து முடிக்க வெகுநேரம் ஆகவில்லை.

"அடப்பாவி, நீதானா?" என்றார்.

நாய் உறுமியது. அவர் கையை நீட்டி, கைக்குட்டையால் கிண்ணத்தைத் துடைத்தார். சங்கு விக்கலெடுத்து நின்றது. அந்தக் கைக்குட்டையை மறுபடி சட்டைப் பையில் வைப்பதா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, வாய்க்காலிலேயே போட்டுவிட்டு வந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் ஹாலில் தெருவே இருந்தது. சலூன்காரர், தையல்கார அக்கா, ரிட்டயரான கணக்கு வாத்தியார், பால்காரர் குடும்பம். எல்லோரிடமும் போர்வை. என்ன எடுத்து வர வேண்டும் என்று அவர் அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸில் போர்வையும் வாளியும் இருந்தது நினைவுக்கு வந்தது. மருந்து, அடையாள அட்டை, டார்ச் எல்லாம்கூட அதில் இருந்தன. அவற்றை யாரும் கொண்டுவரவில்லை. ஒருவர் கையில் பரமபத அட்டை இருந்தது.

மூலையில் அவருடைய மனைவியும் மாமியாரும் ஆளுக்கொரு போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். மழை வரும் என்று அவர் சொன்னால் துணி காயப்போடுகிற மனைவி. அவள்கூட வந்திருந்தாள். மாமியார் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அது இரண்டாவது முறை.

க்ளைமேட் சார் மைக்கைப் பிடித்தார். இது தவறான எச்சரிக்கை, வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தார்.

ஒருவரும் அசையவில்லை.

கணக்கு வாத்தியார் எழுந்தார். "வெள்ளம் வரலைன்னு யாராவது சொன்னா அது வதந்தி, நம்பவே நம்பாதீங்கன்னு பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க."

"சொல்லிக் குடுத்ததே நான்தானே சார்."

"ஆமா. வதந்தி பரப்பறவன் அதிகாரி மாதிரியே வந்து மைக்கைப் பிடிச்சுப் பேசுவான்னும் நீங்கதான் சொன்னீங்க."

அவர் சொல்லியிருந்தார். கொஞ்சம் கைதட்டல் கிடைத்த வாக்கியம் அது.

"சரி, நான்தான் நானுன்னு என் வொய்ஃபைக் கேளுங்க" என்றார்.

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "அவர் மாதிரிதான் இருக்கார். ஆனா ஒரு மணி நேரம் இருக்கணும்னு விதி இருக்கே" என்றாள்.

சரி, விதி விதிதான். சங்கு நின்றாயிற்று, ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பிவிடுவார்கள், அதிகாரி அம்மாள் வருவதற்குள் ஹாலைப் பெருக்கியும் விடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். தையல்கார அக்கா மட்டும் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லி, ஒரு நிமிஷம் போய் வருகிறேன் என்று அனுமதி கேட்டாள். கையில் வாளி இருந்தது. அடுப்பை அணைக்கத் தண்ணீர் வேண்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் சங்கு மறுபடி அலறியது.

ஹாலில் யாரும் பதறவில்லை. சலூன்காரர் பரமபதத்தில் பாம்பு கடித்ததற்காகத்தான் "ஐயோ" என்றார். கணக்கு வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "முதல்லேருந்து ஒரு மணி நேரம்" என்று அறிவித்தார்.

க்ளைமேட் சார் மறுபடி வெயிலில் ஓடினார். கிண்ணம் மறுபடி ஈரம். இந்த முறை நாய் வெறிபிடித்ததுபோலக் குரைத்துக்கொண்டிருந்தது. செய்ததையும் செய்துவிட்டு என்ன திமிர் என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. ஒரே வழிதான் இருக்கிறது. குற்றவாளியை இடத்தைவிட்டே அகற்ற வேண்டும்.

அவர் அறைக்குப் போய், கோப்பின் மேல் உட்கார்ந்திருந்த முட்டையை எடுத்து வந்தார். தரையில் உட்கார்ந்து, முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தாமே தின்று காட்டினார். அது அவருடைய பழைய வித்தை. நாய் குரைப்பதை நிறுத்தி யோசித்தது. அடுத்த பாதிக்கு அது கழுத்தை நீட்டியபோது அவர் இடுப்பு பெல்ட் அதன் கழுத்தில் விழுந்தது. உத்தியோகம் முழுக்கப் பிடிக்க முடியாத நாயை, அந்த உத்தியோகத்துக்குத் திரும்பாமல் இருப்பதற்காக அவர் பிடித்துவிட்டார்.

ஒரு கையில் நாய், ஒரு கையில் நழுவும் பேன்ட். இரண்டையும் பிடித்துக்கொண்டு அலுவலகம் வந்து சேர்ந்தார். வாசலில் இஸ்திரிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"நாயைப் பிடிச்சுட்டீங்களா சார்?" அவர் குரலில் இருந்த நன்றியைக் கேட்டு க்ளைமேட் சாருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "பெரிய உதவி சார். நீங்க நல்லா இருக்கணும்."

"ஊருக்காகப் பண்றது, இதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு, நாயை ஆணையருடைய கார் ஷெட்டில் கட்டினார். திரும்பி ஓடிக் கிண்ணத்தைத் துடைத்தார். சங்கு நின்றது. இனி கவலை இல்லை.

மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் அது மறுபடி ஊதியது.

துடைத்தார். ஊதியது. துடைத்தார். ஊதியது. நாய் இருந்தபோது மரியாதைக்கு இடைவெளி விட்டுக் கத்திய சங்கு, நாய் போனபின் இஷ்டத்துக்குக் கத்தியது. அவர் கார் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தார். நாய் பெல்ட்டோடு அங்கேயேதான் படுத்திருந்தது. நான் இல்லை என்று சொல்லிவிட்டேனே என்பதுபோல ஒரு பார்வை பார்த்தது.

அப்போதுதான் க்ளைமேட் சார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நாய் இல்லை. மழை இல்லை. அப்படியானால் கிண்ணத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கம்பெனிக்காரர் பொய் சொல்லாத கருவி என்றாரே? வாய்க்காலுக்கு அடியில், பூமிக்குள், நமக்குத் தெரியாமல் ஏதாவது திரண்டு கொண்டிருக்கிறதோ? வெப்பத்தில் பூமி வெடித்துத் தண்ணீர் பீறிடும் என்று எங்கோ படித்த மாதிரி இருந்தது. படிக்கவில்லை என்றால் பயிற்சியில் அவரே சொல்லியிருக்க வேண்டும்.

தடதடவென்று மாடிக்கு ஓடினார். மைக் இல்லாமலே கத்தினார்.

"யாரும் கீழே இறங்காதீங்க. நான் சொன்னது தப்பு. வெள்ளம் வருது. நிஜமாவே வருது."

ஹாலே திரும்பி அவரைப் பார்த்தது. பால்காரரின் மனைவி நகர்ந்து இடம் கொடுத்து உட்காரச் சொன்னாள். யாரோ தண்ணீர் நீட்டினார்கள். இஸ்திரிக்காரர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"பயப்படாதீங்க சார். ஒண்ணும் வராது."

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றே?"

"ஒரு நம்பிக்கைதான் சார்."

"அப்ப நீங்கள்லாம் ஏன் இங்கே இருக்கீங்க?"

"சங்கு ஊதுதே சார்" என்றார் இஸ்திரிக்காரர்.

மனைவி வந்து தன் போர்வையில் பாதியை அவர் மேல் போர்த்தினாள். வேர்வையில் நனைந்த சட்டைமேல் ஏசிக் காற்று பட்டதில் அவருக்கு நடுக்கம் எடுத்திருந்தது. அதைப் பயம் என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் கீழே அலுவலகமும் காலியாகிக்கொண்டிருந்தது. முதலில் பிறப்புச் சான்றிதழ் பிரிவு ஏறி வந்தது. அவர்கள் பிரிவில் கரண்ட் இல்லை, ஃபேனும் இல்லை. பிறகு வரி வசூல் பிரிவு. கடைசியில் ஆணையரே வந்தார். க்ளைமேட் சார் எழுந்து, பூமிக்குள் தண்ணீர் திரள்வதைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். ஆணையர் அவரை ஒரே பார்வையில் எரித்துவிடுகிற உத்தேசத்தோடுதான் வந்திருந்தார். ஆனால் ஏசிக்கு நேர் கீழே நின்றதில் அந்தப் பார்வை பாதியிலேயே குளிர்ந்துபோயிற்று. கண்ணை மூடினார்.

"எதுக்கும் ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்றார்.

மதிப்பீட்டு அதிகாரி அம்மாள் வந்து இறங்கியபோது தெருவில் ஈ காக்கை இல்லை. கடைகள் பாதி ஷட்டரோடு நின்றன. இஸ்திரி வண்டியில் யாருடைய சட்டையோ பாதி மடிப்பில் கிடந்தது. அலுவலகத்தில் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு, சங்கு அலறலுக்கு நடுவில், மாடிக்கு ஏறி வந்து கதவைத் திறந்தார். அவர் காரில் ஏசி வேலை செய்யவில்லை. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

ஊர், கவுன்சில் ஹால் தரையில் போர்வை போர்த்தி உட்கார்ந்து அவரை நிமிர்ந்து பார்த்தது.

அவ்வளவுதான், வலையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று க்ளைமேட் சார் முடிவு செய்துவிட்டார். மச்சான் முகம் கண்முன்னால் வந்து பல்லைக் காட்டியது.

அதிகாரி அம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அப்படியே நின்றார். ஏசிக் காற்று அவர் நெற்றியைத் தொட்டுக் கீழே இறங்கியது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார்.

"எவ்வளவு நேரமா இவங்க இங்க இருக்காங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"மதியத்துலேருந்து மேடம்" என்றார் ஆணையர். "அனுப்பிடறோம், இப்பவே அனுப்பிடறோம்."

"நீங்க அனுப்பினா போயிடுவாங்களா?"

கணக்கு வாத்தியார் எழுந்து நின்று, சங்கு நின்று ஒரு மணி நேரம் ஆகாமல் ஆணையரே சொன்னாலும் போக மாட்டோம், அதுதான் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது என்றார். எல்லோரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள். மாமியார் கொஞ்சம் அதிகமாகவே அசைத்தார்.

அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது எத்தனையாவது நகராட்சி என்று தமக்கே மறந்துவிட்டது என்றார். எந்த ஊருக்குப் போனாலும் ஒத்திகை என்றால் நான்கு பேர் வருவார்கள், அதில் மூன்று பேர் நகராட்சி ஊழியர்கள், நான்காவது ஆள் வழி தவறி வந்தவர். ஒரு ஊரில் சங்கு ஊதியபோது வந்து சங்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். இங்கே, துளி மேகம் இல்லாத நாளில், விதி என்பதற்காக ஊரே மாடி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"இந்த நம்பிக்கையை எப்படிச் சம்பாதிச்சீங்க?" என்று க்ளைமேட் சாரைக் கேட்டார்.

ஆணையர் முந்திக்கொண்டு, இது நம் நகராட்சியே திட்டமிட்டு நடத்திய திடீர் ஒத்திகை என்றார். வெயில் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததும் வேண்டுமென்றேதான். மழை நாளில் யார் வேண்டுமானாலும் ஓடி வருவார்கள், வெயிலில் வருவதுதான் நம்பிக்கை. இதைச் சொல்லும்போது அவர் கை க்ளைமேட் சாரின் தோள்மேல் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை அங்கே வந்தது கிடையாது.

"எல்லாம் மக்களோட ஒத்துழைப்பு மேடம்" என்றார் க்ளைமேட் சார். இஸ்திரிக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

அதிகாரி அம்மாள் சங்கு நின்று, அதன்பின் ஒரு முழு மணி நேரமும் ஆகும்வரை இருந்துவிட்டுத்தான் கிளம்பினார். விதியைத் தாமும் மதிக்க வேண்டும் அல்லவா என்றார். பிரிவை மூடக் கூடாது, நிரந்தரமாக்க வேண்டும், மற்ற ஊர்க்காரர்கள் வந்து இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதப்போவதாக ஆணையரிடம் சொல்லிவிட்டு, கதவருகே நின்று ஏசியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் தாழ்ந்தபோதே சங்கு தானாக ஊதுவதை விட்டுவிட்டிருந்தது. பின்தெருவில் கரண்டும் வந்துவிட்டது. ஊர் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போயிற்று. க்ளைமேட் சார் கார் ஷெட்டுக்குப் போய் நாயை அவிழ்த்துவிட்டார். இன்று யார் மேலும் அவருக்குக் கோபமில்லை. நாய் அவரைக் கடிக்கவில்லை. நேராக வாய்க்கால் கரைக்கு ஓடி, கம்பத்தடியில் தகட்டின் நிழலைத் தேடிப் பார்த்து, வெயில் போய் நிழலும் இல்லாத அந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. இத்தனை பட்டும் புத்தி வரவில்லையே என்று அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே நினைத்தார்.

வீட்டில் மச்சான் காத்துக்கொண்டிருந்தான். செய்தி அதற்குள் போயிருந்தது. எழுந்து நின்று, "வாங்க மாமா" என்றான். முன்னால் வேறு எந்த வார்த்தையும் சேர்க்கவில்லை. மாமியார் காபியைத் தாமே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்தார்.

க்ளைமேட் சார் நாற்காலியில் சாய்ந்தார். மனைவி எதிரே தரையில் உட்கார்ந்து, ஹாலுக்குக் கொண்டுபோன போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் நம்புச்சு, சரி. நீ நம்பினே பாரு, அதுதான் எனக்குப் பெரிசு" என்றார் அவர். "எல்லாரும் என்னைக் கைவிட்டாலும் ஒரு சங்குச் சத்தத்துக்கு நீ ஓடி வந்தே."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "இந்தப் போர்வை பத்தலைங்க. அந்த ஹால்ல அம்மாவுக்குக் கால் எல்லாம் விறைச்சுப் போச்சு. நாளைக்குப் பீரோவுல இருக்கற கம்பளியை எடுத்துட்டுப் போகணும்."

"நாளைக்கா? நாளைக்கு எதுக்கு?"

"நாளைக்குக் கிண்ணத்துல தண்ணி ஊத்தறது நம்ம வீட்டு முறைங்க. ஆபீஸ் போறப்ப மறக்காம ஒரு முட்டை எடுத்துட்டுப் போய் அந்த நாயை முதல்ல கட்டிப் போட்டுடுங்க, வாளியைக் கண்டாலே கடிக்க வருது."